ஹேர்லைனைக் கீழே இறக்கும் அறுவை: வலியைவிடத் தழும்பைப் பற்றிக் கேளுங்கள்

உங்கள் கேள்வி இதுதான்: வயது 27, புருவங்களுக்கு நடுவிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை அளந்தால் ஏழரை செ.மீ. வருகிறது, சின்ன வயதிலிருந்தே நெற்றி ஏறித்தான் இருக்கிறது, முன்முடியை வெட்டி மறைத்தே காலம் ஓடிவிட்டது. இப்போது ஹேர்லைனைக் கீழே இறக்கும் அறுவை செய்துகொள்ள நினைக்கிறீர்கள். வலி எவ்வளவு இருக்கும், எத்தனை நாள் லீவு போட வேண்டும், மரத்துப்போகும் தலையில் உணர்வு திரும்புமா என்று மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, செய்துகொண்டால் பிறகு வருத்தப்படுவேனா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. பிளாஸ்டிக் சர்ஜரி நோயாளிகளைப் பல வருடம் கவனித்த அனுபவத்தில் சொல்வதானால், இந்த அறுவைக்குப் பின் வருந்துபவர்கள் வலிக்காக வருந்துவது அபூர்வம். தழும்புக்காகத்தான் வருந்துகிறார்கள். ஒரு நெற்றிப்பொட்டிலிருந்து மறு நெற்றிப்பொட்டு வரை, முடி தொடங்கும் கோட்டிலேயே ஒரு தழும்பு ஆயுளுக்கும் இருக்கும். அதை உங்கள் முடி இன்றும், இருபது வருடம் கழித்தும் மறைக்குமா என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது நெற்றி ஏன் உயரமாக இருக்கிறது என்பது. பெண்களுக்குப் புருவ நடுவிலிருந்து ஹேர்லைன் வரை ஐந்து முதல் ஆறரை செ.மீ. வரை இருப்பது சாதாரணம். அளக்கும்போது புருவத்தை உயர்த்தாமல், முகத்தைத் தளர்வாக வைத்து அளக்க வேண்டும். புருவத்தைத் தூக்கினால் அளவு மாறிவிடும். உங்களைப் போல் பிறவியிலேயே உயரமாக இருந்து, பத்து வருடத்துக்கு முந்தைய போட்டோவிலும் ஹேர்லைன் அதே இடத்தில் இருந்தால் அது நல்ல செய்தி. நகர்ந்துகொண்டே போகும் ஹேர்லைன் என்றால் கதை வேறு. இறுக்கி வாரிப் பின்னலோ கொண்டையோ போட்டுப் போட்டு முன்முடி இழுபட்டுக் கொட்டியிருக்கலாம். இது நம் ஊரில் நிறைய உண்டு, பொட்டுப் பக்கம்தான் முதலில் மெலியும். பரம்பரையாக வரும் முடி மெலிதலாகவும் இருக்கலாம். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் தவறவிடக் கூடாது: முடி வேரை உள்ளிருந்து அழித்து, ஹேர்லைனைப் பட்டையாகப் பின்னுக்குத் தள்ளும் ஓர் அழற்சி நோய். 1994-இல் ஆஸ்திரேலியத் தோல் மருத்துவர் ஸ்டீவன் கோஸார்ட் முதலில் விவரித்தது, பெயர் ஃப்ரான்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம், இளம் பெண்களுக்கும் வரும். புருவ முடியும் சேர்ந்து உதிர்வது, பின்வாங்கிய இடத்தில் தோல் வெளிறி வழவழப்பாக இருப்பது, அங்கே தனித்தனியாக ஓரிரு முடி மட்டும் மிச்சம் நிற்பது, முடி வேரைச் சுற்றிச் சிவப்பு அல்லது செதில் தெரிவது ஆகியவை இதன் அடையாளங்கள். சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவர் ஒரு சின்னத் துண்டு எடுத்து பயாப்ஸி அனுப்புவார். இந்த நோய் அடங்காமல் இருக்கும்போது அறுவை செய்தால், இறக்கி வைத்த ஹேர்லைனும் மறுபடி பின்வாங்கி, தழும்பு வெட்டவெளியில் நிற்கும். அறுவையே நோயைத் தூண்டிய நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன.

ஆண்களுக்கு இந்த அறுவையைப் பெரும்பாலும் பரிந்துரைக்காததும் இதே காரணத்தால்தான். வழுக்கை விழும் தலையில் தழும்புக்கு முன்னால் நிற்க முடி இருக்காது. திருநங்கையருக்கு நெற்றி எலும்பைச் செதுக்கும் பெண்மையாக்க அறுவையின்போது ஹேர்லைனையும் சேர்த்து இறக்குவது உண்டு. சான் ஃப்ரான்சிஸ்கோவின் டக்ளஸ் ஆஸ்டர்ஹவுட் 1980-களில் வளர்த்தெடுத்த முறைகளிலிருந்து வந்தது அது. அங்கேயும் முன்முடி உதிர்தல் நிலைபெற்றுவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்தது தலைத்தோல் எவ்வளவு இளகி நகர்கிறது என்பது. கண்ணாடி முன் நின்று, உள்ளங்கையை ஹேர்லைனுக்குச் சற்றுப் பின்னால் அழுத்தி வைத்துத் தலைத்தோலை முன்னால் தள்ளிப் பாருங்கள். முடி எவ்வளவு தூரம் நெற்றிக்கு வருகிறதோ, ஏறத்தாழ அதைச் சுற்றித்தான் அறுவையின் பலனும் இருக்கும். இது வீட்டில் செய்யும் தோராயக் கணக்கு, மருத்துவர் கை வைத்துப் பார்ப்பதற்கு ஈடாகாது. சாதாரணமாக ஒரே அறுவையில் ஒன்றரை முதல் இரண்டரை செ.மீ. வரை இறக்கலாம். நன்றாக இளகிய தலையில் மூன்று வரை போகும். அதற்கு மேல் வேண்டும் என்றாலோ, தோல் எலும்போடு ஒட்டிப் பிடித்தது போல் இருந்தாலோ இரண்டு கட்டமாகச் செய்வார்கள்: முதலில் தலைத்தோலுக்கு அடியில் ஒரு சிலிக்கான் பலூனை வைத்து, வாரா வாரம் உப்புநீர் ஏற்றி, தோலை ஒன்றரை இரண்டு மாதம் விரியவிட்டு, பிறகு இறக்குவார்கள். பலன் பெரியதுதான், ஆனால் அந்தக் கடைசி வாரங்களில் தலை மேடிட்டு வெளியே போக முடியாத தோற்றம் வரும், அதையும் கணக்கில் வையுங்கள். அறுவைக்கு முன் சில வாரம் தலைத்தோலைக் கையால் நகர்த்தி மசாஜ் செய்யச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. கொஞ்சம் இளக உதவலாம். இறுகிய தலையை இளகிய தலையாக மாற்றிவிடும் என்று நம்ப வேண்டாம். உங்கள் ஏழரை ஆறாக வேண்டுமானால் ஒன்றரை செ.மீ. போதும், அது எட்டக்கூடிய அளவுதான். ஐந்து வேண்டும் என்று ஆசைப்பட்டால், நன்றாக இளகாத தலையில் சிக்கல். அளவுக்கு மீறி இழுத்துத் தைத்த தோலில் ரத்த ஓட்டம் குறையும், தழும்பு அகலும், பின்னால் உள்ள முடி வேர் பட்டுப்போகும், மிக அரிதாகத் தோல் விளிம்பே கறுத்து உதிரும்.

அறுவை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் தழும்பு எங்கே எப்படி வருகிறது என்பதும் புரியும். தலையை மொட்டை அடிக்க மாட்டார்கள். முடியைச் சிறு சிறு கற்றையாகக் கட்டிவிட்டு, ஹேர்லைனுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே, மெல்லிய முடி இருக்கும் இடத்தில் வளைந்து நெளிந்த கோடு வரைவார்கள். நேர்கோடாக வெட்டினால் விக் வைத்த விளிம்பு மாதிரி தெரியும், அதனால்தான் நெளிவு. கத்தியை நேராக இறக்காமல், முடித் தண்டுகளைக் குறுக்கே வெட்டும்படி சாய்த்து இறக்குவது இதில் மிக முக்கியமான நுட்பம். முடியின் வேர்ப்பகுதி தலைப்பக்கத் தோலில் உயிரோடு நிற்கும். அதன் மேல் நெற்றித் தோலின் விளிம்பு படிந்து ஒட்டும். இரண்டு மூன்று மாதத்தில் அந்த வேர்களிலிருந்து முடி கிளம்பி, தழும்பைத் துளைத்துக்கொண்டு முன்னால் வரும். நன்றாகச் செய்த அறுவையில் தழும்புக்குப் பின்னால் மட்டுமல்லாமல் தழும்பின் மேலும் முன்னும் முடி இருப்பது இதனால்தான். இதைச் சரியாகச் செய்யாதபோது நெற்றிக்கும் முடிக்கும் நடுவே ஒரு வெறும் கோடு ஆயுளுக்கும் நிற்கும்.

பிறகு தலைத்தோலை எலும்பின் மேலுறையிலிருந்து பிடரி வரை பிரித்து விடுவார்கள். தோலுக்கு அடியில் கேலியா என்று நீளாத ஒரு முரட்டுச் சவ்வு உண்டு. அதில் குறுக்காகச் சில கீறல் போட்டால் கீறலுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக நீளும். முன்னால் கொண்டுவந்த தோல் மறுபடி பின்னால் போகாமல் இருக்க, மண்டையோட்டின் வெளி அடுக்கில் சின்னத் துளை போட்டு, கரையக்கூடிய கொக்கியிலோ தையல் நூலிலோ மாட்டுவார்கள். துளை மூளைப் பக்கம் போவதில்லை. இந்தப் பிடிப்பு பலருக்குத் தலைத்தோலுக்கு அடியில் சில மாதம் சின்ன முண்டாகத் தட்டுப்படும், கரையக் கரைய மறையும். மிஞ்சும் நெற்றித் தோலை அளவாக வெட்டி எடுத்து, அடியில் கரையும் நூலாலும் மேலே மெல்லிய நூலாலும் தைப்பார்கள். முடிக்குள் போகும் ஓரங்களில் ஸ்டேப்ளர் பின் போடுவதும் உண்டு. மொத்தம் இரண்டு மூன்று மணி நேரம்.

முழு மயக்கத்திலும் செய்யலாம், தூக்க ஊசியோடு இடத்தை மட்டும் மரக்கச் செய்தும் செய்யலாம். இரண்டாவது முறையில் வலி இருக்காது. ஆனால் இழுப்பது தெரியும், எலும்பில் துளை போடும் சத்தம் மண்டை முழுக்க எதிரொலிக்கும். இதைக் கேட்டாலே பதறுபவர் என்றால் முழு மயக்கமே கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. வலி பெரும்பாலும் நடுத்தரம்தான், பாராசிட்டமால் வகை மாத்திரைக்கு அடங்கும், மூன்று நான்கு நாளில் குறையும். நோயாளிகள் வலி என்பதைவிட இறுக்கம் என்றுதான் சொல்வார்கள், அளவு குறைந்த ஹெல்மெட்டைக் கழற்ற முடியாமல் மாட்டிக்கொண்டது போல. முதல் ஓரிரு நாள் கட்டு இருக்கும். இரண்டாம் நாளிலிருந்து நெற்றி வீக்கம் கீழே இறங்கும், மூன்றாம் நாள் காலையில் கண் இமை வீங்கி, சிலருக்குக் கண் பாதிதான் திறக்கும், கீழே நீலமும் மஞ்சளுமாகக் கன்றியிருக்கும். யாரும் முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்துபோவீர்கள். ஒரு வாரம் பத்து நாளில் வடிந்துவிடும். அந்த வாரம் முழுக்க இரண்டு மூன்று தலையணை வைத்துத் தலையை உயர்த்தியே படுங்கள், குனிந்து வேலை செய்யாதீர்கள், குடம் தூக்காதீர்கள். முகத் தையலை ஐந்து முதல் ஏழு நாளிலும், ஸ்டேப்ளரை ஏழு முதல் பத்து நாளிலும் எடுப்பார்கள். ஆபீஸ் வேலை என்றால் பத்து நாள் லீவு போதும். முகத்தைப் பார்த்து யாரும் கேட்கக் கூடாது என்றால் இரண்டு வாரம், வியர்க்கும் உடற்பயிற்சிக்கு ஒரு மாதம். முதல் 24 மணி நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று உப்பி, வலி விண்ணென்று ஏறினால் உள்ளே ரத்தம் சேர்கிறது என்று பொருள். ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், சீழ், தையல் ஓரம் கறுப்பது ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை.

தலை குளிப்பது பற்றி நம் வீடுகளில்தான் தவறு நடக்கிறது. மருத்துவர் அனுமதித்ததும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில், குழந்தை ஷாம்பூவும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். சீயக்காய்த் தூள் தையலில் உராயும், எண்ணெய் தையலில் தேங்கி அழுக்கைப் பிடிக்கும், புண் முழுக்க ஆறும் வரை இரண்டும் வேண்டாம். தலைத்தோல் மரத்திருப்பதால் சூடு தெரியாது. கொதிக்கும் தண்ணீரும் ஹேர் டிரையரும் சாம்பிராணிப் புகைக் கூடையும் தோலைப் பொசுக்கினாலும் உங்களுக்குத் தெரியவராது. ஐஸ் வைப்பதானாலும் துணி சுற்றி, கண்ணைச் சுற்றி மட்டும் வையுங்கள், மரத்த நெற்றியில் வேண்டாம். வகிட்டில் வைக்கும் குங்குமத்தையும் தலைச் சாயத்தையும் ஒன்றரை மாதமாவது தள்ளிப் போடுங்கள். ஸ்கூட்டர் ஓட்டுபவர் என்றால் ஹெல்மெட்டின் முன்விளிம்பு சரியாகத் தழும்பில்தான் உட்காரும், மூன்று நான்கு வாரம் வண்டியே எடுக்காமல் இருப்பது நல்லது. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

உணர்வு திரும்புமா என்று கேட்டிருந்தீர்கள். புருவத்துக்கு மேலிருந்து உச்சிக்கு ஓடும் நரம்புக் கிளைகள் இந்தக் கோட்டில் கட்டாயம் வெட்டுப்படும், எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும். அதனால் தழும்புக்குப் பின்னால் உச்சி வரை மரத்துப்போவது எல்லோருக்கும் நடப்பது, அதைச் சிக்கல் என்று எண்ண வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு மூன்றாம் மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் படிப்படியாகத் திரும்புகிறது. திரும்பும்போது அரிப்பும் சுருக் சுருக்கென்ற குத்தலும் வரும், சொறியக் கை போகும், சொறிந்தாலும் சொறிந்த உணர்வே இருக்காது. பலருக்கு வலியைவிட இதுதான் தொல்லை. சிலருக்கு உச்சியில் உள்ளங்கை அளவு ஓர் இடம் நிரந்தரமாக மந்தமாகவே நின்றுவிடும். அந்தச் சிலரில் ஒருவராக நீங்கள் இருப்பீர்களா என்பதை எந்தச் சோதனையும் முன்கூட்டிச் சொல்லாது. அறுவைக்கு முன்பே அதை மனதார ஏற்க முடிந்தால் மட்டும் செய்யுங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து தழும்பை ஒட்டிய முடி கொட்டத் தொடங்கலாம். அதிர்ச்சியில் வேர் ஓய்வுக்குப் போவதுதான் காரணம். மூன்று முதல் ஆறு மாதத்தில் திரும்ப முளைக்கும். ஆனால் அந்த இடைக்காலம் கடினமானது: வீக்கம் போய்விட்டது, லீவு முடிந்துவிட்டது, தழும்பு சிவந்து நிற்கிறது, அதன் பின்னால் முடியும் மெலிகிறது, கண்ணாடியில் தெரிவது பழைய முகமும் இல்லை, ஆசைப்பட்ட முகமும் இல்லை. ‘ஏன் செய்தேன்’ என்ற அழுகை அதிகம் வருவது இரண்டாம் மாதத்தில்தான். அப்போது எடுத்த முடிவுகளை நம்பாதீர்கள், திருத்த அறுவைக்கு ஓடாதீர்கள். தழும்பின் உண்மையான நிறமும் அகலமும் தெரிய ஒரு வருடம் ஆகும், அதற்கு முன் திருத்துவது வீண். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெற்றியைப் பற்றிய நினைப்பு தினமும் பல மணி நேரம் தின்கிறது, அதனால் வேலைக்கும் விசேஷத்துக்கும் போவதே நின்றுவிட்டது என்றால், முதலில் ஒரு மனநல மருத்துவரிடம் பேசுங்கள். அந்த நிலையில் செய்யும் அறுவை, நன்றாகவே நடந்தாலும், நிம்மதி தருவதில்லை.

நம் மாநிறத் தோலில் தழும்பு இரண்டு விதமாகத் தொல்லை கொடுக்கும்: வெயில் பட்டுக் கறுக்கும், அல்லது நிறமிழந்து வெள்ளைக் கோடாக நிற்கும். கறுப்பதைத் தடுக்க ஆறு மாதமாவது தொப்பி அல்லது குடை, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். புண் மூடியதும் சிலிக்கான் ஜெல் காலை மாலை இரண்டு மூன்று மாதம். வெள்ளைக் கோட்டுக்கு க்ரீம் எதுவும் பயன்படாது. அதன் மேல் முடி நடுவது அல்லது நிறப்புள்ளி குத்துவதுதான் வழி. காது குத்திய இடத்திலோ மார்பிலோ தடித்த தழும்பு வந்த சரித்திரம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நெற்றி விளிம்பில் கீலாய்டு எனும் அந்தத் தடித்த தழும்பு வருவது காதையும் மார்பையும் விடக் குறைவு, வராது என்று யாரும் உறுதி தர முடியாது. முடியை நீங்கள் எப்படி வாருகிறீர்கள் என்பதும் இங்கே கணக்கு. எண்ணெய் வைத்துப் படிய வாரி இறுக்கிப் பின்னும் பழக்கம் தழும்பை அப்படியே வெளியே காட்டும், இழுப்பால் அங்குள்ள முடியையும் மெலிய வைக்கும். பழனிக்கோ திருப்பதிக்கோ மொட்டை வேண்டுதல் இருந்தால், முடி வளரும் வரை அந்த நெளிகோடு முழுக்கத் தெரியும். முடிந்தால் வேண்டுதலை முதலில் முடித்துவிட்டு வாருங்கள்.

முடி நடுவதோடு ஒப்பிட்டால் என் கருத்து இது. நடுவில் மட்டும் ஒன்றரை இரண்டு செ.மீ. இறக்க வேண்டும், தலைத்தோல் இளகியிருக்கிறது, முடி அடர்த்தி, குடும்பத்தில் பெண்களுக்கு முன்முடி மெலியவில்லை என்றால் இந்த அறுவைதான் நேரடி வழி. பலன் அன்றே தெரியும், அடர்த்தியும் உங்கள் சொந்த அடர்த்தி. பொட்டுப் பக்க மூலைகள் ஏறியிருப்பதுதான் உறுத்தல் என்றால் இந்த அறுவை அங்கே அதிகம் இறங்காது, முடி நடுவதே பொருந்தும். அதற்கு ஒரு வருடம் பொறுமை வேண்டும், பின்தலையிலிருந்து ஆயிரத்து ஐநூறு இரண்டாயிரம் வேர்கள் எடுக்க வேண்டியிருக்கும், நெற்றியில் வெட்டுத் தழும்பு கிடையாது. தழும்பு மறையுமா என்ற ஐயம் இருக்கும் தலைக்கு முடி நடுவதுதான் பாதுகாப்பு, தவறினாலும் இழப்பு குறைவு. நடுவில் அறுவை, ஆறு மாதம் கழித்து மூலைகளிலும் தழும்பிலும் சில நூறு வேர்கள் என்று இரண்டையும் சேர்ப்பவர்களும் உண்டு.

நம் ஊரில் முடி நடுபவர்கள் நிறையப் பேர், இந்த அறுவையைத் தொடர்ந்து செய்பவர்கள் கொஞ்சம் பேர். எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி முடித்தவரா, இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று நேராகக் கேளுங்கள். முடியைப் பின்னால் வாரிப் பிடித்து, ஒரு வருடம் கழித்து எடுத்த போட்டோவைக் காட்டச் சொல்லுங்கள். முன்முடி தொங்கும் போட்டோ எதையும் நிரூபிக்காது. மயக்க மருந்து நிபுணர் கடைசி வரை அறையில் இருப்பாரா என்பதைக் கேட்கத் தயங்காதீர்கள். 2016-இல் சென்னையில் முடி மாற்று சிகிச்சைக்குப் பின் ஒரு மருத்துவ மாணவர் உயிரிழந்ததை நினைவில் வையுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் அறுவைக்கு நான்கு வாரம் முன்பும் பின்பும் அறவே கூடாது. தோல் விளிம்பு பட்டுப்போவதற்கு முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. ஆஸ்பிரின், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, நாட்டு மருந்து என எது எடுத்தாலும் பட்டியலாகக் கொடுங்கள், எதை எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். கடைசியாக, மேசையில் படுப்பதற்கு முன் உட்கார்ந்த நிலையில் புதிய கோட்டை நெற்றியில் பேனாவால் வரையச் சொல்லி, கண்ணாடியில் பார்த்து, ஸ்கேலால் நீங்களே அளந்து, அந்த அளவு தாளில் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.